பிசுக்கை எடுக்கலாம், பிளாஸ்டிக்கைக் கரைக்கலாமா?

புது லேப்டாப்பைத் திறந்தால் கை வைக்கும் இடத்தில் வரிசையாக ஸ்டிக்கர்கள். இந்த வழக்கத்தைப் பரவலாக்கியது இன்டெல். 1991-இல் 'இன்டெல் இன்சைட்' பிரசாரத்தைத் தொடங்கி, தன் சின்னத்தைப் போடும் கம்பெனிகளின் விளம்பரச் செலவில் ஒரு பங்கை ஏற்றுக்கொண்டது. 2006-இல் இன்டெல் சில்லுக்கு மாறியபோதும் ஆப்பிள் அந்த ஸ்டிக்கரை ஒட்டவில்லை. மற்ற லேப்டாப்களில் உரிக்கும் வேலை வாங்கியவர் தலையில் விழுகிறது.

நாளாக ஆக, சூட்டிலும் கை வியர்வையிலும் ஸ்டிக்கரின் ஓரம் தூக்கிக்கொள்ளும். உரித்தால் காகிதம் வந்துவிடும், பிசுக்கு நின்றுவிடும். உடனே பலர் தேடுவது நெயில் பாலிஷ் ரிமூவரை. சேதமே அங்கேதான் தொடங்குகிறது. பல லேப்டாப்களின் உடல் ஏபிஎஸ், பாலிகார்பனேட் வகைப் பிளாஸ்டிக். ரிமூவரில் உள்ள அசிட்டோன் ஏபிஎஸ்ஸையே கரைத்துவிடும். பாலிகார்பனேட்டை வெளுத்து விரிசலிடச் செய்யும். 'அசிட்டோன் இல்லாதது' என்று விற்பதை நம்பியும் பயனில்லை: அவற்றில் பெரும்பாலும் இருக்கும் எத்தில் அசிட்டேட்டும் ஏபிஎஸ்ஸைக் கரைக்கக் கூடியதுதான். தின்னர் பக்கமே போகக் கூடாது.

அடுக்களையில் இருக்கும் தேங்காய் எண்ணெயே போதும். மேல்தாளை உரித்துவிட்டு, பசைமேல் எண்ணெய் தடவிக் கால் மணி நேரம் விட வேண்டும். எண்ணெய் ஊறியதும் பிடி தளர்ந்து, விரலால் தேய்த்தாலே உருண்டு வரும். பிறகு சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்தால் சுத்தம். அதற்கும் அசையாத பசைக்கு நீலகிரித் தைலம் உண்டு. அதிலுள்ள சினியோல் நல்ல கரைப்பான். ஆனால் சிலவகைப் பிளாஸ்டிக்கை அதுவும் பதம் பார்க்கும் என்பதால், அடிப்பக்க மூலையில் சோதித்த பிறகே தொட வேண்டும். சானிடைசரும் உதவும். கிளிசரின் கலந்திருந்தால் கடைசியில் ஒருமுறை ஈரத்துணி போட வேண்டியிருக்கும்.

இவற்றில் எதையும் நேராக ஊற்றக் கூடாது. துணியில் தொட்டுத்தான் தேய்க்க வேண்டும். சானிடைசரும் தைலமும் தீப்பற்றக் கூடியவை. லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைக் கழற்றி, அடுப்பிலிருந்து தள்ளி உட்கார்வது நல்லது.

மூடியில் உள்ள லோகோ வேறு கதை. ஒட்டிய உலோகச் சின்னமானால் ஹேர் டிரையரால் இளஞ்சூடு காட்டி, பின்னால் நூலை விட்டு அறுத்தெடுக்கலாம். சிலவற்றுக்கு அடியில் துளைகள் இருக்கும், அவை அப்படியே தெரியும். அச்சிட்ட லோகோவைப் பற்பசை போட்டுத் தேய்த்தால் மங்கலான மூடியில் அந்த இடம் மட்டும் பளபளக்கும். அதன்மேல் பிடித்த படத்தை ஒட்டிக்கொள்வதே மேல்.

பழைய லேப்டாப்பின் அடிப்பக்கம் ஒட்டியிருக்கும் விண்டோஸ் 7 ஸ்டிக்கரை மட்டும் தொடவே கூடாது. அதில்தான் 25 எழுத்துச் சாவி இருக்கிறது. விண்டோஸ் 8 முதல்தான் சாவி கணினிக்குள் பதியப்பட்டு வருகிறது. மை அழியுமுன் அதை ஒரு போட்டோ எடுத்து வைக்கலாம்.