தலையணை உறைக்குள் அல்வா

திருநெல்வேலியில் பிறந்தும் அல்வா பிடிக்காதவர் என் அப்பா. கல்யாணப் பந்தியில் அவர் இலையில் விழும் ஜாங்கிரி மறுநொடி என் இலைக்கு வந்துவிடும். அதற்காகவே அவர் பக்கத்தில் இடம்பிடிப்பேன். போன வருஷம் ஒருநாள் காலையில், படுக்கை உதறிக்கொண்டிருந்த அம்மா என்னைக் கூப்பிட்டாள். அப்பாவின் தலையணை உறைக்குள், நெய் கசிந்து காகிதம் கண்ணாடி மாதிரி ஆகிப்போன ஓர் அல்வாப் பொட்டலம். பாதி காலி.

72 வயதில் கையும் களவுமாகப் பிடிபட்டு விழித்தார்.

"அவ்வளவு ருசியாவாப்பா இருக்கு?"

"ருசியா? ஒரு மண்ணும் தெரியலடே. கை போகுது. நிறுத்த முடியல."

அவர் சொன்னது பொய்யில்லை. அப்பாவுக்கு பார்க்கின்சன், நடுக்குவாதம் என்பார்களே, அது. கை நடுங்கத் தொடங்குவதற்கு இரண்டு மூன்று வருஷம் முன்பே மோப்பம் போய்விட்டது. அடுப்பில் பால் தீய்ந்தாலும் பக்கத்து அறையில் நிம்மதியாகப் பேப்பர் படிப்பார். இந்த நோய் வந்த பலருக்கும் அப்படித்தான். மோப்பம் போனால் பாதி ருசி போச்சு. ருசி போன மனுஷர் எதற்காக இனிப்பைப் பதுக்கித் தின்கிறார்?

விடை மாத்திரை டப்பாவில் இருந்தது. நடுமூளையில் டோபமைன் தயாரிக்கும் செல்கள் மடிவதால் வருகிற நோய் இது. அதனால் டோபமைன் செய்யும் வேலையைச் செய்யக்கூடிய மாத்திரைகளைக் கொடுக்கிறார்கள். அல்வா பிடிபடுவதற்கு மூன்று மாதம் முன்பு அப்பாவுக்குச் சேர்த்தது பிராமிபெக்சோல். ஆனால் டோபமைன் ஒரே வாய்க்காலில் ஓடுவதில்லை. உடலசைவுக்கான வயல் காய்ந்து கிடக்கும்போது, பக்கத்திலேயே ஆசையைக் கிளப்பும் வயலில் ஈரம் மிச்சமிருக்கும். காய்ந்த வயலுக்காக மடையைத் திறந்தால் ஈர வயல் மூழ்கிவிடுகிறது. சிலர் சூதாடுகிறார்கள், சிலர் கண்டதையும் வாங்கிக் குவிக்கிறார்கள், சிலர் தின்கிறார்கள். அமெரிக்கா, கனடாவில் 3,090 பார்க்கின்சன் நோயாளிகளிடம் நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வில், 13.6 சதவீதம் பேருக்கு இப்படி ஏதாவது ஒரு கட்டுக்கடங்காத பழக்கம் இருந்தது. தீனி மட்டும் 4.3 சதவீதம். மாத்திரை எழுதிக்கொடுத்த அன்று எங்களிடம் யாரும் இதைப்பற்றி மூச்சுவிடவில்லை.

டோபமைன் என்றால் இன்பம் தரும் ரசாயனம் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நானும் நம்பியிருந்தேன். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்யும் கென்ட் பெர்ரிட்ஜும் ஆரம்பத்தில் அப்படித்தான் நினைத்தார். 1980களின் கடைசியில் அவரும் சகாக்களும் எலிகளின் மூளையில் டோபமைனை ஏறக்குறைய முழுவதும் அழித்துப் பார்த்தார்கள். எலிகள் தாமாகத் தின்பதை விட்டுவிட்டன. ஆனால் வாயில் சர்க்கரைத் தண்ணீரை விட்டால் கைக்குழந்தை மாதிரி உதட்டை நக்கின. ருசி அப்படியே இருந்தது. வேண்டும் என்கிற உந்துதல்தான் காணாமல்போயிருந்தது. பிறகு நேரெதிர்ச் சோதனை, 1991இல். மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் கம்பி செருகி மின்சாரத்தால் தூண்டினார்கள். எலிகள் அள்ளி அள்ளித் தின்றன. முகத்திலோ கூடுதலாக ரசித்ததற்கான அடையாளமே இல்லை. அந்த எலியைப் பற்றிப் படித்தபோது எனக்கு அப்பாவின் முகம்தான் தெரிந்தது.

ருசித்து மகிழ்வதற்கு மூளையில் வேறு இடங்கள் உண்டு. மூளை தானே தயாரித்துக்கொள்ளும் அபின் போன்ற பொருள்கள் அங்கே வேலை செய்கின்றன. எலி மூளையில் அப்படி ஓர் இடம் ஏறக்குறைய ஒரு கன மில்லிமீட்டர்தான். வேட்கைக்கான வலை அதைவிட எவ்வளவோ பெரிது. நாமும் 'ருசிக்குது' என்பதை ஒன்றுக்கும் 'நாக்கு நமநமங்குது' என்பதை இன்னொன்றுக்கும்தானே சொல்கிறோம்? நமநமப்பு நாக்கில் இல்லை, அவ்வளவுதான்.

என் யோக்கியதையும் ஒன்றும் பெரிதில்லை. ராத்திரிச் சாப்பாடு முடிந்து வயிறு நிறைந்திருக்கும். ஒன்பது மணி சீரியல் பாட்டு கேட்டதும் கை காராச்சேவு டப்பாவைத் தேடும். இதற்கு மூளை ஆராய்ச்சியாளர் வோல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் சோதித்த குரங்குகள் பதில் சொல்கின்றன. விளக்கு எரியும், பிறகு வாயில் பழச்சாறு வரும். முதலில் சாறு வந்தபோது துள்ளிய டோபமைன் செல்கள், பழகிய பிறகு விளக்கைப் பார்த்ததுமே துள்ளின; சாறு வந்தபோது சும்மா இருந்தன. எனக்கு சீரியல் பாட்டுதான் விளக்கு. டப்பாவைச் சமையலறைப் பரணில் ஏற்றிய பிறகு பாதி நாள் எழுந்துபோகச் சோம்பலாக இருக்கிறது. மன உறுதி என்று பெருமையடிக்க அதில் எதுவுமில்லை.

அப்பாவின் டாக்டர் விஷயத்தைக் கேட்டுச் சிரிக்கவில்லை. "சீட்டு, லாட்டரி ஏதாவது உண்டா?" என்று மட்டும் கேட்டார். மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து வேறொன்றுக்கு மாற்றினார். இரண்டு மாதத்தில் பொட்டலங்கள் நின்றன. அதுவரை அம்மா அப்பாவைத் திட்டிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல.

உங்கள் வீட்டிலும் நடுக்குவாதத்துக்கு மாத்திரை சாப்பிடுகிற பெரியவர் இருந்து, திடீரென்று தீனியிலோ ஆன்லைன் ரம்மியிலோ இறங்கினால் டாக்டரிடம் சொல்லுங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். சட்டென்று நிறுத்தினால் வேறு தொல்லைகள் வரும். வெட்கத்தில் அவர்களாகச் சொல்லமாட்டார்கள். தலையணை உறையை ஒருமுறை உதறிப் பாருங்கள்.