தண்ணீர் ஊற்ற ஒரு நிமிடம்... தயாராக ஒரு வருடம்! திருமுழுக்கு எடுக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை இரவு. ஆலயத்தில் எல்லா விளக்குகளும் அணைந்திருக்கும். வெளியே முற்றத்தில் மூட்டிய புது நெருப்பில் பாஸ்கா திரியை ஏற்றிக்கொண்டு குருவானவர் இருட்டுக்குள் நடந்து வருவார். அந்த ஒரு திரியிலிருந்து மக்கள் கையில் இருக்கும் மெழுகுவர்த்திகள் வரிசையாகப் பற்றிக்கொள்ளும்.

அந்தக் கூட்டத்தில் சிலருடைய முகத்தில் மட்டும் கொஞ்சம் கூடுதல் பதற்றம் தெரியும். அன்றிரவு திருமுழுக்கு பெறப்போகிறவர்கள் அவர்கள். தலையில் மூன்று முறை தண்ணீர் ஊற்றப்படும். ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால், அந்த நிமிடத்துக்காக அவர்கள் மாதக்கணக்கில் காத்திருந்திருப்பார்கள்.

'சட்டென்று முடிகிற சடங்குக்கு எதற்கு இவ்வளவு தயாரிப்பு?' என்று தோன்றலாம். ஒருமுறை பெற்றால் திரும்பப் பெற முடியாது, அழிக்கவும் முடியாது என்று திருச்சபை சொல்கிற சடங்கு இது. அதனால்தான் அவசரம் கூடாது என்கிறார்கள்.

ஒரே சடங்கு... பல வழக்கங்கள்

கத்தோலிக்கர்கள் இன்று திருமுழுக்கு என்கிறார்கள். ஞானஸ்நானம் என்பது பழைய வழக்கு. சி.எஸ்.ஐ., லுத்தரன் உள்ளிட்ட சபைகளில் இன்றும் அந்தச் சொல்தான் பெரிதும் புழங்குகிறது.

கத்தோலிக்க, சி.எஸ்.ஐ., லுத்தரன் சபைகளில் கைக்குழந்தைக்கும் கொடுப்பார்கள். வளர்ந்த பிறகு அந்தப் பிள்ளை தன் வாயால் விசுவாசத்தை அறிக்கையிட, சி.எஸ்.ஐ-யில் திடப்படுத்தல் ஆராதனை உண்டு. கத்தோலிக்கர்களுக்கு உறுதிபூசுதல். பெந்தெகொஸ்தே, பாப்டிஸ்ட், பிரதரன் சபைகள் குழந்தைகளுக்குக் கொடுப்பதில்லை. நம்புகிறவர் தானே முடிவெடுத்து, தண்ணீருக்குள் முழுவதுமாக மூழ்கி எழ வேண்டும் என்பது அவர்கள் நிலைப்பாடு. கடல், ஆறு, குளம், ஆலயத்துக்குள் கட்டிய தொட்டி என இடம் மாறும்.

தண்ணீருக்கு என்ன அர்த்தம்?

அழுக்கைக் கழுவுவது தண்ணீர். எனவே பாவம் கழுவப்படுவதன் அடையாளம் என்பது எல்லோருக்கும் தெரிந்த விளக்கம். இன்னொரு விளக்கம் இதைவிட ஆழமானது. தண்ணீருக்குள் மூழ்குவது கிறிஸ்துவோடு இறப்பது. எழுவது அவரோடு உயிர்ப்பது. பவுல் ரோமருக்கு எழுதிய கடிதத்தின் 6-ம் அதிகாரம் பேசுவது இதைத்தான். பழைய வாழ்க்கை அங்கேயே முடிகிறது என்று பொருள்.

கத்தோலிக்கச் சடங்கில் கூடவே சில அடையாளங்கள் வரும். கிறிஸ்மா தைலம் பூசுவது கிறிஸ்துவுக்கு உரியவராக்குவதற்கு. வெள்ளை ஆடை புது வாழ்வுக்கு. பாஸ்கா திரியில் ஏற்றிய மெழுகுவர்த்தி, அந்த வெளிச்சத்தை அணையாமல் காக்கச் சொல்வதற்கு.

முத்துக்குளித்துறை சொல்லும் பாடம்

தயாரிப்பு இல்லாமல் நடந்தால் என்ன ஆகும்? பதில் தூத்துக்குடிக் கடற்கரையிலேயே இருக்கிறது.

1530-களில் முத்துக்குளிப்பு உரிமை தொடர்பான மோதலில் சிக்கியிருந்த பரதவர்கள், போர்ச்சுகீசியரின் பாதுகாப்பை நாடினார்கள். அதையொட்டி, சில ஆண்டுகளுக்குள் ஊர் ஊராகத் திருமுழுக்கு பெற்றார்கள். ஆனால், சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. 1542-ல் பிரான்சிஸ் சவேரியார் அந்தக் கடற்கரைக்கு வந்தபோது, 'நாங்கள் கிறிஸ்தவர்கள்' என்பதற்கு மேல் அவர்களுக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை.

சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. இரண்டு மொழியும் தெரிந்தவர்களை உட்கார வைத்து, முக்கியமான செபங்களையும் பத்துக் கட்டளைகளையும் தமிழாக்கினார். அவற்றை மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியோடு தெருத் தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். அவர் கிளம்பிய பிறகும் பாடம் நின்றுவிடாமல் இருக்க, ஊர்களில் கணக்கப்பிள்ளைகளை நியமித்தார். கிராமங்களில் இன்றும் மதிப்போடு பேசப்படும் உபதேசியார்களுக்கு இவர்கள்தான் முன்னோடி.

அவருக்குப் பின் வந்த அண்டிரிக் அடிகளார் தந்த 'தம்பிரான் வணக்கம்', 1578-ல் கொல்லத்தில் அச்சானது. தமிழ் எழுத்தில் அச்சேறி நமக்குக் கிடைத்திருக்கும் முதல் புத்தகம் இந்த 16 பக்க நூல்தான். உள்ளே இருப்பது ஞானோபதேசம். அதாவது, முன்பே சொல்லிக்கொடுத்திருக்க வேண்டிய பாடம்!

பெரியவர்களுக்கு எப்படி?

ஆதித் திருச்சபையில் இந்தத் தயாரிப்பு மூன்று ஆண்டுகள்வரை நீண்டதுண்டு. காலப்போக்கில் வழக்கொழிந்த அந்த முறையை இரண்டாம் வத்திக்கான் சங்கம் மீட்டெடுத்தது. 1972-ல் அதற்கான சடங்கு நூல் வெளியானது.

இன்று பெரியவர் ஒருவர் பங்கு ஆலயத்தை அணுகினால், முதலில் அவருடைய நோக்கத்தைக் கேட்பார்கள். பிறகு மறைக்கல்வி. துணைக்கு ஒரு கத்தோலிக்கர் இருப்பார். தவக்காலத் தொடக்கத்தில், தயாரானவர்களைத் தேர்ந்துகொள்ளும் சடங்கு. விசுவாசப் பிரமாணத்தையும் இயேசு கற்றுத்தந்த செபத்தையும் அவர்களிடம் முறைப்படி ஒப்படைப்பார்கள். ஈஸ்டர் இரவில் திருமுழுக்கு. இந்த வழியில் எந்த இடத்திலும் 'எனக்கு இன்னும் நேரம் வேண்டும்' என்று நிற்கலாம். 'வேண்டாம்' என்று விலகவும் செய்யலாம். பதிலுக்கு யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. சுதந்திரமான விருப்பம் இல்லாமல் பெரியவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்பதே விதி.

குழந்தைக்கு என்றால் வகுப்பு யாருக்கு?

பெற்றோருக்கும் ஞானப்பெற்றோருக்கும்தான். குழந்தை சார்பில் வாக்குக் கொடுப்பது அவர்கள் என்பதால், பாடமும் அவர்களுக்கே.

பிறந்து சில வாரங்களுக்குள் கொடுக்க வேண்டும் என்கிறது கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம். நம் வீடுகளில் மண்டபம் கிடைக்கவில்லை, வெளிநாட்டில் இருக்கும் சித்தப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை என்று முதல் பிறந்தநாள் வரை தள்ளிப்போவதும் உண்டு.

ஞானத்தந்தை, ஞானத்தாய் தேர்விலும் இதே சிக்கல். யார் நகை போடுவார் என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பது பழகிவிட்டது. 16 வயது நிரம்பியவர், உறுதிபூசுதல் பெற்ற கத்தோலிக்கர், விசுவாசத்தின்படி வாழ்கிறவர் என்பதுதான் சட்டம் கேட்கும் தகுதி. குழந்தையின் அப்பா, அம்மாவே அந்த இடத்தில் நிற்க முடியாது.

குழந்தையின் உயிருக்கு ஆபத்து என்றால் எந்த வகுப்பும் தேவையில்லை. குருவானவர் வர நேரமில்லாதபோது, மருத்துவமனை நர்ஸ்கூட உரிய எண்ணத்தோடு தண்ணீர் ஊற்றி, தந்தை, மகன், தூய ஆவியின் பெயரால் கொடுக்கலாம். அது செல்லும்.

கல்யாணத்துக்காக எடுக்கலாமா?

பல வீடுகளில் கண்ணீர் வரவழைக்கும் கேள்வி இது. காதலிக்கிறவர் கிறிஸ்தவர். 'ஞானஸ்நானம் எடுத்தால்தான் கோயிலில் கல்யாணம்' என்று உறவினர்கள் அழுத்துவார்கள். இந்தப் பக்கம் அப்பா, அம்மா உடைந்துபோவார்கள்.

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. கத்தோலிக்கத் திருச்சபையில், திருமுழுக்கு பெறாதவரை மணக்க ஆயரின் அனுமதியோடு வழி இருக்கிறது. தன் விசுவாசத்தைக் காப்பதாகவும், பிள்ளைகளுக்குத் திருமுழுக்கு கொடுக்க இயன்றதைச் செய்வதாகவும் கத்தோலிக்கத் தரப்பு வாக்குக் கொடுக்க வேண்டும். மற்றவருக்கு அதைத் தெரிவித்துவிட வேண்டும். 1872-ம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவர் திருமணச் சட்டமும் இருவரில் ஒருவர் கிறிஸ்தவராக இருந்தால் போதும் என்கிறது. மதத்தைத் தொடாமல் பதிவு செய்துகொள்ள 1954-ன் சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது.

மனதார விரும்பினால் எடுக்கலாம். முகூர்த்தத் தேதிக்காக மட்டும் எடுத்தால், பொய்யாக ஒரு வாக்கைக் கொடுத்த பாரம் பிறகு இருவரையும் அழுத்தும்.

சான்றிதழையும் யோசியுங்கள்

திருமுழுக்கு ஆலயப் பதிவேட்டில் ஏறும். பின்னாளில் கத்தோலிக்கத் திருமணத்துக்கு ஓலை எழுதும்போது முதலில் கேட்பது அந்தச் சான்றிதழைத்தான்.

பட்டியல் சாதியினருக்கு இதில் இன்னொரு பக்கமும் உண்டு. 1950-ம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தவர் மட்டுமே பட்டியல் சாதியினராகக் கருதப்படுவர். கிறிஸ்தவராக மாறியவர்கள் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டு புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண் தொடர்ந்த வழக்கை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அவர் கைக்குழந்தையாக இருந்தபோது பெற்ற திருமுழுக்கின் பதிவும் அதில் ஆதாரமாகப் பார்க்கப்பட்டது.

இந்த விதி நியாயமா என்ற கேள்வி நீண்டகாலமாக எழுப்பப்படுகிறது. அது தனி விவாதம். ஆனால், முடிவெடுக்கப் போகிற குடும்பத்துக்கு விளைவை முன்கூட்டியே சொல்வது, பாடம் நடத்துகிறவரின் பொறுப்பும்தான். தெரிந்து எடுக்கும் முடிவில்தான் பிறகு மனம் உறுதியாக நிற்கும்.

ஈஸ்டர் இரவில், தண்ணீர் ஊற்றுவதற்கு முன் குருவானவர் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்பார். 'விட்டுவிடுகிறேன்', 'நம்புகிறேன்' என்ற பதில்களை அவரவரே சொல்ல வேண்டும். பக்கத்தில் நிற்கும் துணைவரோ, கட்டிக்கொள்ளப் போகிறவரோ சொல்ல முடியாது. அந்த ஒரு சொல் தடுமாறாமல் வருவதற்காகத்தான் அத்தனை மாதத் தயாரிப்பும்!