வற்றிய கிணறும் ஒரு வாளியும்

உள்ளறை – 9

சென்ற வாரம் தனிச்செபத்துக்கான நேரத்தையும் இடத்தையும் பற்றிப் பேசினோம். விடியற்காலையில் பதினைந்து நிமிடம், வீட்டில் ஒரு மூலை, ஒரு பாய், ஒரு மெழுகுதிரி. அதைப் படித்த வாசகர் ஒருவர் கோயில் வாசலில் என்னை நிறுத்திக் கேட்டார்: “நேரம் ஒதுக்கிட்டேங்க, இடமும் பார்த்துட்டேன். ஆனா உட்கார்ந்தா உள்ளே ஒண்ணுமே இல்லையே, என்ன செய்யறது?”

அந்தக் கேள்வியை நான் அறிவேன். என் அம்மா இறந்த ஆண்டில் நானும் அங்கேதான் நின்றேன். செபமாலை மணிகள் விரலில் நகரும். மனம் மருத்துவமனை வராந்தாவில் நிற்கும். பூசையில் எல்லோரோடும் சேர்ந்து பதில் சொல்வேன். வீட்டுக்கு வந்து தனியாக முழந்தாளிட்டால் சுவரோடு பேசுவதுபோல் இருக்கும். ஆறேழு மாதம் பொறுத்துப் பார்த்தேன். ‘இப்படி உதட்டளவில் செபிப்பதைவிடச் சும்மா இருப்பதே மேல். மனம் சரியாகட்டும், பிறகு வருவோம்’ என்று ஒருநாள் விட்டுவிட்டேன். அன்று அந்த முடிவு எனக்கு மிகவும் நேர்மையானதாகப் பட்டது. அதில் இருந்த ஏமாற்றத்தை எனக்குக் காட்டிக்கொடுத்தவர், 16ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் வாழ்ந்த ஒரு துறவி. இந்த வாரம் அவரிடம் போவோம்.

மணியோசைக்குக் காத்திருந்தவர்

அவிலாவின் புனித தெரேசா 1515இல் பிறந்தவர். இருபது வயதில், அவிலா நகர மதிலுக்கு வெளியே இருந்த கார்மேல் மடத்தில் சேர்ந்தார். 1970இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அவரைத் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவித்தார். அந்தப் பட்டத்தைப் பெற்ற முதல் பெண் அவர்தான். செபத்தைப் பற்றி யார் எழுத உட்கார்ந்தாலும் இன்றுவரை அவரிடம்தான் போய் நிற்கிறார்கள்.

அப்படிப்பட்டவர் தம் வாழ்க்கை வரலாற்றில் எதை எழுதிவைத்திருக்கிறார் தெரியுமா? சில ஆண்டுகள், செப நேரம் முடிந்து மணி எப்போது அடிக்கும் என்பதில்தான் தம் காது இருந்தது என்கிறார். செபக்கூடத்துக்குள் நுழையும்போதே மனம் கனத்துப்போகும். அங்கே போய் அமர்வதைவிடக் கடுமையான தவம் எதையாவது செய்துவிடலாம் என்றுகூடத் தோன்றுமாம். ஆனாலும் தம்மைத் தாமே இழுத்துக்கொண்டு போவார். ஆசையோடு போன நாட்களில் கிடைக்காத அமைதி, இப்படிப் போன நாட்களில் சில வேளை கிடைத்தது என்றும் சொல்கிறார்.

செபத்தில் பராக்கு என்பதை நம் பாட்டிமார் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிச் சொல்லி வருந்துவார்கள். தெரேசாவுக்கும் அது தீராத தொல்லை. ஏறக்குறைய 18 ஆண்டுகள், நற்கருணை வாங்கிய வேளை நீங்கலாக, கையில் ஒரு நூல் இல்லாமல் அவர் செபிக்க உட்காரத் துணிந்ததில்லை. சில நாள் நிறைய வாசிப்பார். சில நாள் நூலைத் திறந்தாலே போதும், சிதறிய மனம் வந்து கூடிவிடும். 1577இல், பழுத்த அனுபவத்தோடு தம் பெரும் நூலான ‘உள்ளக் கோட்டை’யை எழுதும்போதும், ஆறுகள் இரைவதுபோலவும் பறவைகள் கீச்சிடுவதுபோலவும் தலைக்குள் ஒரே சத்தம் என்று குறிப்பிடுகிறார். ஆலையின் கட்டை தடதடவென்று அடித்தால் அடிக்கட்டும், நாம் மாவு அரைப்பதைப் பார்ப்போம் என்பது அவர் கண்ட வழி. பராக்கோடு சண்டை போட உட்கார்ந்தால் செப நேரம் முழுவதும் அதற்கே போய்விடும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

விட்டுவிட்ட காலம்

ஆனால் தெரேசா தம் வாழ்வில் மிகவும் வருந்தியது இந்த வறட்சிக்காக அல்ல. 1539இல் கடும் நோயில் விழுந்து நான்கு நாட்கள் நினைவிழந்து கிடந்தார். அவருக்காகக் குழிகூட வெட்டிவிட்டார்கள். பிழைத்து எழுந்தபின்னும் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் உடல் முடங்கிப்போயிருந்தார். நடமாடத் தொடங்கியதும் மடத்தின் விருந்தினர் கூடத்தில் வந்தவர் போனவரோடு பேச்சிலும் உறவாடலிலும் மனம் இழுபட்டது. இப்படி இருந்துகொண்டு இறைவனோடு தனியே அமர எனக்கு என்ன தகுதி இருக்கிறது என்று கூசினார். எல்லோரோடும் சேர்ந்து வாய்ச்செபம் சொன்னால் போதும் என்று தனிச்செபத்தை விட்டுவிட்டார். ஓராண்டுக்கும் மேலாக விட்டுவிட்டார்.

இதில் என்னை மிகவும் வருத்தும் ஒரு செய்தி உண்டு. மனச்செபத்தில் அமரும் பழக்கத்தைத் தம் தந்தைக்குக் கற்றுக்கொடுத்தவரே தெரேசாதான். தந்தை அதில் வளர்ந்துகொண்டே போனார். மகளைப் பார்க்க வரும்போதெல்லாம் இறைவனைப் பற்றியே பேசினார். மகளோ நிறுத்திவிட்டிருந்தார். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் தாம் இப்போது செபிப்பதில்லை என்று சொல்லி, உடல்நிலையைக் காரணம் காட்டினார். தந்தை நம்பினார், மகளுக்காக இரங்கினார். 1543இல் அந்தத் தந்தை இறந்தபோது, அவருக்கு ஆன்ம வழிகாட்டியாக இருந்த தோமினிக்கன் குரு தெரேசாவிடம் பேசினார். செபத்தை எக்காரணம் கொண்டும் விடக்கூடாது என்று அறிவுறுத்தினார். அதன்பின் தெரேசா அதை விடவேயில்லை.

பிற்காலத்தில் திரும்பிப் பார்க்கும்போது, தமக்கு நேர்ந்த சோதனைகளிலேயே மோசமானது இதுதான் என்கிறார். தாழ்ச்சியின் உடையை உடுத்திக்கொண்டு வந்த சோதனை அது. ‘நான் தகுதியற்றவன்’, ‘என் மனம் சரியில்லை’, ‘முதலில் திருந்திவிட்டு வருகிறேன்’. கேட்க எவ்வளவு பணிவாக இருக்கிறது! காய்ச்சல் குறைந்தபிறகு மருத்துவரிடம் போகிறேன் என்பதும் இதுவும் ஒன்றுதான். நான் என் அம்மாவின் சாவுக்குப் பிறகு எடுத்த ‘நேர்மையான’ முடிவும் இந்த வகைதான்.

நீர் பாய்ச்சும் நான்கு வழிகள்

அவிலா, கடல்மட்டத்திலிருந்து 1,100 மீட்டருக்கும் மேலே, காஸ்டில் மேட்டுநிலத்தில் இருக்கும் ஊர். மழை குறைந்த, கல்லும் காற்றுமான பூமி. அங்கே வளர்ந்தவருக்குத் தண்ணீரின் அருமை தெரியும். ஆகவே செபத்தை விளக்க வந்தபோது அவர் தோட்டத்தையும் தண்ணீரையும் எடுத்துக்கொண்டார். களை பிடுங்கி நல்ல செடிகளை நட்டவர் இறைவன். தண்ணீர் ஊற்றும் தோட்டக்காரர்கள் நாம். தண்ணீர் வர நான்கு வழி. ஒன்று, கிணற்றிலிருந்து கையால் சேந்துவது. இரண்டு, நீர்ச்சக்கரத்தைச் சுழற்றி இறைப்பது. உழைப்பு குறைவு, தண்ணீர் அதிகம், நானே சில வேளை சுழற்றியிருக்கிறேன் என்கிறார். மூன்று, ஆற்றிலிருந்தோ ஓடையிலிருந்தோ வாய்க்கால் வழியே பாய்வது. நான்கு, மழை. அதில் நம் உழைப்பு ஏதுமில்லை.

பின்னிரண்டையும் பற்றி அவர் எழுதியவை ஆழமானவை. ஆனால் அவை கொடுப்பவர் கையில் இருப்பவை. நமக்குரியது முதல் வழி, சேந்துவது. அங்கே தெரேசா ஒரு கேள்வி கேட்கிறார்: வாளியை இறக்கி இறக்கிப் பார்க்கிறான், கிணற்றில் தண்ணீரே இல்லை, பல நாள் இப்படியே போகிறது, கை தூக்கவும் தெம்பில்லை, ஒரு நல்ல நினைவுகூட வரவில்லை, அப்போது தோட்டக்காரன் என்ன செய்வான்?

மகிழட்டும் என்கிறார். அவன் வேலை செய்வது தன் மனம் குளிர அல்ல, தோட்டத்தின் தலைவருக்காக. அவன் தன்னால் ஆனதைச் செய்துகொண்டிருக்கிறான் என்பதை அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். தண்ணீர் இல்லாமலும் செடிகளைக் காக்க அவரால் முடியும். ஆகவே வாளியை இறக்குவதே அவன் செபம். தண்ணீர் வந்ததா என்பது அவன் கணக்கில் இல்லை.

இதை முதலில் படித்தபோது, ஆறுதலுக்காகச் சொல்லும் பேச்சு என்றுதான் நினைத்தேன். என் தாத்தாவின் கிணறு நினைவுக்கு வந்தபிறகே அதன் உண்மை பிடிபட்டது.

தூர் வாரும் காலம்

தாத்தாவின் தோட்டத்தில் கமலை இறைத்த காலத்தைச் சிறுவனாகப் பார்த்திருக்கிறேன். மாடுகள் சரிவில் இறங்க, வடம் இறுக, சால் நிறைந்து மேலே வரும். கோடை முற்றினால் சால் பாதிதான் நிறையும். பிறகு சேறு வரும். ஒருநாள் தாத்தா மாடுகளை அவிழ்த்துக் கட்டிவிட்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு கிணற்றுக்குள் இறங்குவார். கூடை கூடையாகச் சேறு மேலே வரும். உடைந்த பானை, அறுந்த கயிறு, எப்போதோ விழுந்த வாளி, மக்கிய இலை, எல்லாம் வரும். “தண்ணி கிடக்கையில தூர் வார முடியுமாடா?” என்பார். கிணறு வற்றிய நாட்களில் அவர் கவலையோடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. அவருக்கு ஆண்டிலேயே அதிக வேலை அப்போதுதான்.

செபம் வற்றியபோது நான் கிணற்றை விட்டு எழுந்து போய்விட்டேன். இறங்கியிருக்க வேண்டும். ஓராண்டு கழித்து, தெரேசாவின் பேச்சை நம்பி, மறுபடி அதே மூலையில் போய் உட்கார்ந்தேன். பல நாட்கள் ஒன்றுமே இல்லை. பதினைந்து நிமிடமும் சும்மா இருந்துவிட்டு எழுந்துவருவேன். ஒரு விடியற்காலை, எதிர்பாராமல், அடியில் கிடந்தது மேலே வந்தது. என் அம்மாவுக்காக எத்தனை நாள் கெஞ்சினேன், ஏன் கேட்கவில்லை என்ற கோபம். அதை நான் ஒருமுறைகூட இறைவனிடம் சொன்னதில்லை. அவரிடம் எப்போதும் மரியாதையான சொற்களையே பேசி வந்திருக்கிறேன். கோபத்தை அடியில் அமுக்கிவைத்து மேலே தோத்திரம் சொல்லிக்கொண்டிருந்தால் ஊற்று எப்படிச் சுரக்கும்? திருப்பாடல்களை எழுதியவர்கள் எத்தனை இடங்களில் இறைவனிடம் முறையிட்டு, ஏன் முகத்தை மறைத்துக்கொண்டீர் என்று கேட்டிருக்கிறார்கள்! அன்று நானும் கேட்டேன். அழுதேன். பதில் ஏதும் வரவில்லை. ஆனால் சுவரோடு பேசும் உணர்வு அன்றோடு போயிற்று.

இந்த வாரம் செய்து பாருங்கள்

உள்ளே ஒன்றுமில்லை என்று கேட்ட அந்த வாசகருக்கும், அப்படிக் கேட்கக் கூச்சப்படும் மற்றவர்களுக்கும் தெரேசாவிடமிருந்து சில எளிய வழிகள்.

கையில் ஒரு நூலோடு உட்காருங்கள். நற்செய்தியில் ஒரு சிறு பகுதி போதும். மனம் ஓடினால் திரும்பி அந்த வரிக்கு வாருங்கள்; ஓடியதற்காக உங்களையே கடிந்துகொள்ள வேண்டாம்.

இயேசு கற்பித்த செபத்தை மிக மெதுவாகச் சொல்லுங்கள். தமக்கு மனச்செபமே வராது, வாய்ச்செபம்தான் தெரியும் என்று மிகவும் வருந்தி வந்த ஒருவரைப் பற்றித் தெரேசா எழுதியிருக்கிறார். எந்தச் செபத்தைச் சொல்கிறீர்கள் என்று விசாரித்தபோது, இந்த ஒரே செபத்தைப் பற்றிக்கொண்டு அவர் ஆழ்நிலைத் தியானத்துக்கே போயிருந்தது தெரிந்ததாம். நாம் பத்து நொடியில் ஒப்பித்துவிடும் செபம் அது. ‘தந்தையே’ என்ற ஒரு சொல்லில் நின்றே உங்கள் பதினைந்து நிமிடமும் போனால் போகட்டும்.

அதுவும் முடியாத நாளில் கெத்சமனித் தோட்டத்துக்குப் போங்கள். தெரேசா பல ஆண்டுகள் தூங்கும்முன் சிறிது நேரம் அந்தக் காட்சியில் இருப்பார். ஆண்டவர் தனியாக இருக்கும் இடங்களில் அவரை நெருங்குவது தமக்கு எளிதாக இருந்தது என்கிறார். பேச ஏதுமில்லாவிட்டாலும் துன்பப்படும் ஒருவர் அருகில் உட்கார நம்மால் முடியும்.

குறித்த நேரம் முடியும்முன் எழாதீர்கள். முடிந்ததும் எழுந்து, எதிரில் இருப்பவரைக் கவனியுங்கள். செபத்தின் அளவுகோல் அங்கேதான் இருக்கிறது. உடம்புக்கு முடியாத சகோதரி ஒருத்திக்கு உங்கள் கை தேவைப்பட்டால் செப இன்பத்தை விட்டுவிட்டுப் போங்கள் என்று தம் துறவிகளுக்குச் சொன்னவர் அவர். அடுப்படியில் வேலை என்றால் பானை சட்டிகளின் நடுவிலும் ஆண்டவர் நடமாடுகிறார் என்றவரும் அவரே.

நாளைக் காலை உட்காரும்போது ஒன்றும் வராவிட்டால் எழுந்துவிடாதீர்கள். வாளி சேற்றில் தட்டினால் தட்டட்டும். என்ன கிடக்கிறது என்று பார்த்து, அதையே அவர் முன்னால் கூடையில் அள்ளி வையுங்கள். தாத்தாவின் கிணற்றில் தூர் வாரி முடித்த அன்று மாலை வெள்ளம் ஒன்றும் பொங்கியதில்லை. பாறை இடுக்கில் ஓர் ஈரக்கசிவு தெரியும். அவர் அதில் விரலை வைத்துப் பார்த்து, நெற்றியில் தொட்டுக்கொண்டு மேலே ஏறி வருவார்.

அடுத்த வாரம்: தெரேசாவின் தோழராக உழைத்து, 1577 முதல் 1578 வரை தொலேதோவில் ஓர் இருட்டறையில் அடைபட்டுக் கிடந்து, அங்கேயே கவிதை புனைந்த சிலுவையின் புனித யோவான்.

(தொடரும்)