மலைப்பகுதிக் கடைகளில் வண்டு, எலி, கறையான்: சரக்கைக் காக்கும் வழிகள்

கொள்முதல் விலையில் கிலோவுக்கு 50 காசு குறைப்பதற்கு நாம் அரைமணி நேரம் பேரம் பேசுகிறோம். அப்படி வாங்கி வந்த சரக்கு கிடங்கிலேயே உளுத்து, பூத்து, எலி கடித்து வீணாகும்போது மட்டும், "மலை என்றால் அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறோம். இந்த நட்டம் எந்தப் பேரேட்டிலும் தனிக்கணக்காக ஏறுவதில்லை. ஆனால் ஆண்டு முடிவில் இலாபத்தில் விழும் ஓட்டைகளில் இதுவும் ஒன்று என்பதை அனுபவமுள்ள வணிகர்கள் அறிவார்கள்.

வால்பாறை, கூடலூர், பந்தலூர் போன்ற மேற்குத் தொடர்ச்சி மலை ஊர்களில் கடை நடத்தும் நம் உறுப்பினர்களுக்கு இது மேலும் பெரிய தொல்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. வெயில் காண வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கடையின் பின்சுவரை ஒட்டியே தேயிலைக் காடும் சோலையும். சமவெளியில் செல்லும் முறைகள் அனைத்தும் இங்கே செல்லுபடியாவதில்லை. ஆகவே இந்த ஊர்களின் தட்பவெப்பத்துக்கு ஏற்றவாறு என்ன செய்யலாம் என்பதை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

ஈரமே முதல் எதிரி

பூச்சியைப் பற்றிப் பேசுமுன் ஈரத்தைப் பற்றிப் பேச வேண்டும். தானியமும் பருப்பும் சுற்றியுள்ள காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மை உள்ளவை. பொள்ளாச்சியில் நன்கு காய்ந்த நிலையில் லாரியில் ஏறிய துவரம்பருப்பு, 40 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி வால்பாறைக் கிடங்கில் ஒரு மாதம் இருந்தால் அதே பருப்பாக இருப்பதில்லை. காற்றின் ஈரம் 70 சதவீதத்துக்கு மேல் நீடித்தால் தானியத்தின் ஈரப்பதம் 14 சதவீத அளவை எட்டிப் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். நிலக்கடலையிலும் வற்றல் மிளகாயிலும் வளரும் சிலவகைப் பூஞ்சணங்கள் அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சை உண்டாக்குகின்றன. துடைத்துப் போட்டாலும், வறுத்தாலும் அந்த நஞ்சு முழுமையாகப் போகாது. பூத்த கடலையை வெயிலில் காட்டி மீண்டும் விற்பது பாவம் மட்டுமல்ல, குற்றமும் ஆகும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தானியப் பூச்சிகள் 28 முதல் 30 டிகிரி வெப்பத்தில் வேகமாகப் பெருகும், குளிர்ச்சியில் மந்தமாகும். எனவே அடைமழைக் காலத்தில் வண்டு அதிகம் கண்ணில் படாது. மழை விட்டு வெயில் ஏறும்போது, ஏற்கெனவே ஈரம் குடித்து மென்மையாகிவிட்ட சரக்கில் அது திடீரென்று கிளம்பும். "நேற்று வரை நன்றாக இருந்தது" என்று நாம் வியப்பது இதனால்தான். உள்ளே அது பல வாரங்களாக வளர்ந்து கொண்டிருந்தது.

எந்தச் சரக்கில் எந்தப் பூச்சி?

அரிசியில் வருவது கூன்வண்டு. நீண்ட மூக்குடன் கரும்பழுப்பாக இருக்கும். பெண் வண்டு அரிசியில் துளையிட்டு ஒரு முட்டையை வைத்து, துளையைப் பசையால் அடைத்துவிடும். புழு மணிக்குள்ளேயே தின்று வளர்ந்து, ஏறத்தாழ ஒரு மாதத்தில் வண்டாக வெளியே வரும். ஆகவே அரிசியைச் சலித்து வண்டை அகற்றினால் பாதி வேலைதான் முடிந்தது. மணிக்குள் இருப்பவை அடுத்தடுத்த வாரங்களில் வெளியே வரும்.

பாசிப்பயறு, தட்டைப்பயறு, கொண்டைக்கடலை ஆகியவற்றில் வருவது பயறு வண்டு. இதன் முட்டையைக் கண்ணாலேயே காணலாம். பயறின் தோல்மீது வெள்ளைப் புள்ளியாக ஒட்டியிருக்கும். கொள்முதலின்போது ஒரு கைப்பிடி பயறை வெளிச்சத்தில் பார்த்து, புள்ளி இருந்தால் அந்த மூட்டையைத் திருப்பி அனுப்புவதே நல்லது. இந்த வண்டு முழுப்பயறில்தான் நன்றாகப் பெருகும். உடைத்த பருப்பில் அவ்வளவாகப் பெருகாது. மழைக்கால இருப்புக்கு முழு உளுந்தையும் முழுப்பயறையும் குறைத்து, உடைத்த பருப்பைக் கூடுதலாக வைப்பது இலாபகரமானது.

ரவை, மைதா, கோதுமை மாவு ஆகியவற்றில் சிவப்பு மாவு வண்டு வரும். முழுத் தானியத்தை இதனால் எளிதில் துளைக்க முடியாது. மாவும் உடைசலும் தூசும்தான் இதன் உணவு. இது சுரக்கும் திரவத்தால் மாவில் ஒரு கெட்ட நெடி ஏறும். மஞ்சள், மல்லி, மிளகாய், பீடி, சுருட்டு ஆகியவற்றில் சிகரெட் வண்டு என்னும் சிறிய பழுப்பு வண்டு வரும். மசாலாப் பொருளுக்குக் காரம் இருப்பதால் பூச்சி வராது என்பது தவறான நம்பிக்கை.

கிடங்கில் செய்ய வேண்டியவை

முதலாவதாக, எந்த மூட்டையும் வெறுந்தரையில் இருக்கக்கூடாது. மரச்சட்டத்தின் மீது அடுக்க வேண்டும். சுவருக்கும் அடுக்குக்கும் இடையே ஓர் ஆள் நடந்து போகும் இடைவெளி வேண்டும். அந்த இடைவெளி இருந்தால்தான் காற்று போகும், பெருக்க முடியும், எலியும் கறையானும் கண்ணில் படும்.

இரண்டாவதாக, மூட்டை வந்த தேதியை அதன்மேல் பெரிதாக எழுதி வைக்க வேண்டும். முதலில் வந்தது முதலில் போக வேண்டும். புது லோடு வந்ததும் பழைய மூட்டைக்கு முன்னால் அடுக்கிவிடுவதால், பின்வரிசை மூட்டை ஆறு மாதம் அசையாமல் கிடந்து பூச்சிப் பண்ணையாகிறது.

மூன்றாவதாக, காலிச் சாக்குகளை அரிசிக்கு அருகில் போட்டு வைக்கக்கூடாது. பழைய சாக்கின் தையலில் ஒளிந்திருக்கும் வண்டே புது அரிசிக்கு விதை. மாவு சிந்திய தட்டு, தராசின் அடிப்பகுதி, அரைவை இயந்திரத்தின் இடுக்கு ஆகியவற்றை வாரம் ஒருமுறை சுத்தம் செய்ய வேண்டும்.

நான்காவதாக, மழைக்கு முன்னால் அளவோடு வாங்க வேண்டும். நிலச்சரிவு ஏற்பட்டுப் பாதை அடைபடுமோ என்ற அச்சத்தில் மூன்று மாதச் சரக்கை ஏற்றி வைப்பதை நாம் அறிவோம். அந்த அச்சம் நியாயமானதே. அப்படி வைக்கும் கூடுதல் இருப்பை நன்கு காய்ந்த நிலையில் வாங்கி, காற்றுப் புகாத பைகளில் கட்டி வைக்கலாம். உள்ளே உள்ள உயிர்க்காற்றைப் பூச்சிகளே செலவழித்து மடிந்துவிடும். ஈரச் சரக்கை இவ்வாறு கட்டினால் புழுங்கிப்போகும் என்பதை மறக்கக்கூடாது.

பூச்சி வந்துவிட்டதா என்பதை முன்கூட்டியே அறிய, கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய துளைக்குழாய்ப் பொறி உதவும். குழாயை அரிசிக்குள் செருகி வைத்தால், நடமாடும் வண்டுகள் துளை வழியாக உள்ளே விழுந்து அடியில் சேரும். மருந்தும் இல்லை, மின்சாரமும் இல்லை.

எலியும் கரப்பானும்

ஓர் எலி நாளொன்றுக்கு ஏறத்தாழ 25 கிராம் தின்னும். 10 எலிகள் இருந்தால் மாதத்துக்கு ஏழரைக் கிலோ. தின்பதைவிடச் சிந்துவதும் சிறுநீரால் கெடுப்பதும் அதிகம். எலியின் சிறுநீரால் எலிக்காய்ச்சல் பரவும். காட்டை ஒட்டிய கடைகளில் எலியைத் தேடிப் பாம்பும் வரும்.

விரல் நுழையும் சந்து இருந்தால் எலி நுழையும். அதைவிடச் சிறிய சந்தில் சுண்டெலி நுழையும். கதவின் அடியில் தகரப் பட்டையும், குழாய் செல்லும் துளையில் சிமெண்டும் கம்பி வலையும் வைத்து அடைப்பதே நிலையான தீர்வு. கூரையைத் தொடும் மரக்கிளைகளை வெட்டிவிட வேண்டும். பொறி வைக்கும்போது ஒரு நுட்பம் உண்டு. புதிய பொருளைக் கண்டால் எலி ஒதுங்கிப் போகும். மூன்று நான்கு நாள் பொறியைப் பூட்டாமல் தேங்காய்ச் சில்லோ கருவாடோ வைத்துப் பழக்கிவிட்டு, பிறகு பூட்டினால் பலன் நிச்சயம்.

சிறிய கரப்பான் பெரும்பாலும் நாம் வாங்கும் அட்டைப் பெட்டிகளின் மடிப்பில் ஒளிந்து கடைக்கு வருகிறது. பெட்டியை வாசலிலேயே பிரித்து, காலி அட்டையை அன்றே அப்புறப்படுத்துவது நல்லது. அலமாரிக் கீல், குளிர்பெட்டியின் பின்புறம் போன்ற இடங்களில் பசை மருந்தைப் பொட்டுப் பொட்டாக வைக்கலாம். அதே இடத்தில் ஸ்பிரே அடித்தால் கரப்பான் பசையை நாடாது.

கறையான்

கறையான் மண்ணோடு தொடர்பு வைத்துக்கொண்டே ஏறும். சுவரில் மண்கோடு தெரிந்தால் அதைத் துடைத்துவிட்டு நிம்மதி அடைவதில் பயனில்லை. அது எங்கிருந்து புறப்படுகிறது என்று கண்டு அந்த விரிசலை அடைக்க வேண்டும். கூரை ஒழுகலும் குழாய்க் கசிவும் நின்றாலே பாதித் தொல்லை நீங்கும். கணக்குப் புத்தகங்களையும் ரசீதுக் கட்டுகளையும் மர அலமாரியின் அடித்தட்டில் வைக்காமல் இரும்பு அலமாரியில் வையுங்கள். புதிதாகக் கடை கட்டுவோர் அடித்தளம் போடும்போதே இந்தியத் தர நிர்ணயம் 6313-இல் சொல்லியுள்ளபடி கறையான் தடுப்பு செய்துகொள்வது சிக்கனம்.

உயிரோடு விளையாட வேண்டாம்

இக்கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இந்தப் பகுதியை மறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

அரிசி மூட்டைக்குள் மாத்திரையைத் துணியில் முடிந்து வைக்கும் பழக்கம் சில இடங்களில் இன்னும் உள்ளது. இது அலுமினியம் பாஸ்பைடு. 3 கிராம் மாத்திரை காற்றின் ஈரம் பட்டதும் 1 கிராம் பாஸ்பீன் வாயுவை வெளியிடும். மலைக்காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. இந்த வாயு மர இடுக்கிலும் ஓட்டுக்கூரையிலும் புகுந்து செல்லும். இதற்கு மாற்று மருந்து கிடையாது. நம் ஊர்களில் முன்புறம் கடை, பின்புறம் வீடு என்ற அமைப்பே அதிகம். தடுப்புச் சுவருக்கு அப்பால் குழந்தைகள் தூங்குகிறார்கள். 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில் ஒரு வீட்டில் எலிக்காக வைக்கப்பட்ட மருந்தின் நச்சு நெடியால் இரு குழந்தைகள் உயிரிழந்ததை நாடே அறியும். சட்டப்படி இம்மாத்திரையை அரசு அமைப்புகளும், அனுமதி பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டு நிறுவனத்தாரும் மட்டுமே உரிய மேற்பார்வையில் பயன்படுத்தலாம். குடியிருப்பு ஒட்டிய கிடங்கில் இது அறவே கூடாது. யாருக்காவது வாந்தி, நெஞ்சில் இறுக்கம், மூச்சுத்திணறல் ஏற்பட்டால் உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து, மருந்தின் பெயரைச் சொல்லி மருத்துவமனையில் சேர்க்க வேண்டும்.

முன்பு கிடங்குகளில் தாராளமாகத் தூவிய பி.எச்.சி. தூள் 1997 ஏப்ரல் முதல் தடை செய்யப்பட்டது. பழைய டப்பா எங்கேனும் மூலையில் கிடந்தால் அதைத் தொடவோ பிறருக்குக் கொடுக்கவோ வேண்டாம். வேளாண்மைத் துறையினரிடம் தெரிவியுங்கள். உணவுப் பொருள் விற்கும் கட்டடத்தில் பூச்சிமருந்தை இருப்பு வைப்பதற்கும் விற்பதற்கும் பூச்சிக்கொல்லி விதிகளில் தடை உண்டு. பதிவு பெற்று முத்திரையுடன் வரும் வீட்டு உபயோக மருந்துகளுக்கு மட்டுமே விலக்கு. அவற்றையும் பருப்பு, மாவுக்கு அருகில் வைக்காமல் தனித் தட்டில் வையுங்கள்.

வண்டு விழுந்த பொருளைப் பாதுகாப்பற்ற உணவு என்றே 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் கருதுகிறது. அபராதத்தைவிடப் பெரியது வாடிக்கையாளரின் நம்பிக்கை. தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் சம்பளத் தேதிக்குத் தீர்க்கும் கணக்கில் நம் கடையில் அரிசி வாங்குகிறார்கள். கடன் இருப்பதால் வேறு கடைக்குப் போக முடியாமல், புழுத்த அரிசியைப் புடைத்து உலை வைக்கும் நிலைக்கு அவர்களை ஆளாக்குவது வணிக தர்மம் ஆகாது.

மே மாதத்திலேயே கூரை, கதவு, சந்து மூன்றையும் பார்த்துச் சரிசெய்து, கிடங்கைக் காலி செய்து வெள்ளையடித்து, வாரத்தில் ஒரு நாளைக் கிடங்கு பார்க்கும் நாளாக வைத்துக்கொண்டால், மேலே சொன்னவற்றில் பெரும்பகுதி தானே நடந்துவிடும். ஒரு துடைப்பம், ஒரு டார்ச் விளக்கு, அரைமணி நேரம், செலவு இவ்வளவே. மழை வருமுன் தொடங்குவோம்.