சிறுநீர்ப்பையும் இலிங்க ஓமோன்களும்

கொத்மலைத் தேயிலைத் தோட்டங்களிற் கொழுந்து கொய்யும் பெண்கள் சிலர், ஐம்பது வயதைத் தாண்டியதும் அடிக்கடி நீர்க்கடுப்பால் வருந்துவர். அதனை உடற்சூடு என்று கருதி மல்லித் தண்ணீர் குடித்து ஆறியிருப்பர். மலையில் மறைவிடம் இன்மையாற் சிறுநீரை அடக்குவதும், அதற்கஞ்சி நீர் பருகாதிருப்பதும் காரணங்களே. ஆயினும் மற்றொரு காரணம் உடலினுள்ளேயே உண்டு. அதனை இங்கு விளக்க முற்படுகின்றோம்.

கல்லூரி ஆய்வுகூடத்தில் தவளையை அறுத்துப் பார்த்த நம் பழைய மாணவர் பலர், சிறுநீர்ப்பையை நீர் சேரும் வெறும் பையென்றே எண்ணியிருப்பர். ஆணின் புரொஸ்டேற் சுரப்பியும், பெண்ணின் யோனியின் கீழ்ப்பகுதியும், சிறுநீர்ப்பையின் பெரும்பகுதியும் கருவிலே ஒரே குழிவிலிருந்து தோன்றுவன. எனவே இலிங்க ஓமோன்களுக்கு இவை யாவும் செவிசாய்ப்பதில் வியப்பில்லை.

2007 ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆய்வொன்றிற் சுண்டெலிகளுக்குச் சிறுநீர்ப்பைப் புற்றை உண்டாக்கும் இரசாயனப் பொருளொன்று கொடுக்கப்பட்டது. ஆண்களுள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவை நோயுற்றன. பெண்களுள் நாற்பதுக்குச் சற்று மேற்பட்டவையே நோயுற்றன. ஆண் ஓமோனை ஏற்கும் புரதம் பிறப்பிலேயே இல்லாதவாறு வளர்க்கப்பட்ட சுண்டெலிகளில் ஒன்றுக்கேனும் அந்நோய் தோன்றவில்லை. பூட்டே இல்லாதவிடத்துச் சாவியாற் பயன் யாது? மனிதருள்ளும் இப்புற்று பெண்களிலும் பார்க்க ஆண்களுக்கு மூன்று நான்கு மடங்கு மிகுதி. புகைபிடித்தலே தலையாய காரணமெனினும், இவ்வேறுபாட்டை அது முற்றாக விளக்குவதில்லை.

இனிப் பெண் ஓமோனாகிய ஈஸ்திரசனை நோக்குவோம். முயல்களின் சூலகங்களை அகற்றியபோது சிறுநீர்ப்பைக்குச் செல்லும் குருதி குறைந்தது, தசை மெலிந்தது, நெகிழ்வற்ற நார்ப்பொருள் மிகுந்தது. ஈஸ்திரசனைச் செலுத்தியதும் தசை மீண்டும் தடித்தது. இதனைக் கண்டோர், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஈஸ்திரசன் மாத்திரை நலம் தருமென எதிர்பார்த்தனர். நடந்தது வேறு. 2005 இல் வெளியான பெரியதோர் அமெரிக்க ஆய்வில், மாத்திரை உண்டவர்களுக்குச் சிறுநீர் தானே ஒழுகும் துன்பம் குறையவில்லை, கூடியது. முயலைக் கண்டு மனிதருக்கு மருந்தெழுதுதல் அத்துணை எளிதன்று போலும்.

எனினும் அதே ஓமோன் களிம்பாகி வேறு பயன் தந்தது. அடிக்கடி சிறுநீர்த் தொற்றுக்கு ஆளான முதிய பெண்கள் அதனை யோனியினுள் இட்டு வந்தனர். 1993 இல் வெளியான அவ்வாய்வின்படி, மருந்தில்லாக் களிம்பு இட்டவர்களுக்கு ஆண்டில் ஏறத்தாழ ஆறு முறை வந்த தொற்று, ஓமோன் களிம்பு இட்டவர்களுக்கு இரண்டாண்டுக்கு ஒரு முறை என்னும் அளவுக்குக் குறைந்தது. அங்கு இயல்பாக வாழும் நன்மைதரு பற்றீரியாக்கள் மீண்டும் பெருகித் தீயவற்றைத் தடுத்தமையே காரணம்.

ஆதலால் தோட்டத்துத் தாய்மார் மருந்தகம் செல்லும்போது, நீர்க்கடுப்பு எத்தனை முறை வந்தது, மாதவிடாய் எப்போது நின்றது என்பவற்றை வெட்கமின்றிச் சொல்லுதல் நன்று; களிம்பு தமக்குப் பொருந்துமா என மருத்துவரே கூறுவார். சிறுநீரில் இரத்தம் காணின், வலி இல்லாவிடினும், ஆணாயினும் பெண்ணாயினும் தாமதியாது பரிசோதித்துக்கொள்ளல் வேண்டும்.