முன் டயரும் பின் டயரும்

மூன்றாம் ஆண்டு இயற்பியல் மாணவர் ஒருவர்

சாலையில் விரைந்து செல்லும் ஒரு காரைத் தரையோடு இணைப்பவை எவை? நான்கு டயர்கள் என்போம். இன்னும் நுணுகிப் பார்த்தால், ஒவ்வொரு டயரிலும் தரையைத் தொடும் பகுதி ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவே. எஞ்சினின் ஆற்றலும் பிரேக்கின் வலிமையும் ஓட்டுநரின் திறமையும் அந்தச் சிறு பரப்பின் வழியாகத்தான் பயன் தருகின்றன. ஸ்போர்ட்ஸ் கார்கள் பலவற்றில் முன் டயரைவிடப் பின் டயர் அகலமாக இருப்பதைப் படங்களில் கண்டிருப்போம். அது வெறும் அழகுக்காக அன்று. உயிர்காக்கும் இயற்பியல் உண்மை ஒன்று அதில் அடங்கியிருக்கிறது.

நழுவு கோணம்

வளைவில் திரும்பும் காருக்கு மையநோக்கு விசை தேவை. டயருக்கும் சாலைக்கும் இடையிலுள்ள உராய்வே அதைத் தருகிறது. ரப்பர் நெகிழும் பொருள். ஆகவே வளைவில் சக்கரம் நோக்கும் திசையும், அது உண்மையில் செல்லும் திசையும் ஒன்றாக இருப்பதில்லை. இரண்டுக்கும் இடையே உள்ள சில பாகை வேறுபாட்டை நழுவு கோணம் எனலாம்.

முன் சக்கரங்களின் நழுவு கோணம் மிகுந்தால், ஸ்டியரிங்கைத் திருப்பிய அளவுக்குக் கார் திரும்பாமல் வளைவின் வெளிப்புறம் நோக்கி அகன்று செல்லும். இது அண்டர்ஸ்டியர். பின் சக்கரங்களின் கோணம் மிகுந்தால், பின்பகுதி வெளியே வீசப்பட்டுக் கார் பம்பரம்போல் சுழன்றுவிடக்கூடும். இது ஓவர்ஸ்டியர். முதல் நிலையில் வேகத்தைக் குறைத்தால் கார் பெரும்பாலும் வழிக்கு வந்துவிடும். இரண்டாம் நிலையில் அஞ்சி ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைத் திடீரென எடுத்தால், எடை முன்னே சாய்ந்து பின் டயர்களின் பிடிப்பு மேலும் குறையும். மனிதனுக்கு இயல்பாக எழும் அச்சமே அங்கு அவனுக்குப் பகையாகிறது!

எடை மிகுந்தால் பிடிப்பும் மிகாதா?

உராய்வு விசை செங்குத்து விசைக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்று பள்ளியில் படித்தோம். ரப்பர் டயர் இவ்விதிக்கு முழுவதும் கட்டுப்படுவதில்லை. அதன்மேல் எடை இருமடங்கானால், பிடிப்பு இருமடங்குக்குச் சற்றுக் குறைவாகவே உயரும். ஆனால் வளைவில் தேவைப்படும் விசையோ எடைக்கு ஏற்ப முழு அளவில் உயரும். எனவே நான்கு டயர்களும் ஒரே அளவில் இருந்தால், காரின் கனமான முனையே முதலில் நழுவ முற்படும். அம்முனைக்கு அகலமான டயர் பொருத்தினால் இக்குறை ஈடுசெய்யப்படும்.

இதற்கு நல்ல சான்று ஜெர்மனியின் போர்ஷே 911. எஞ்சின் பின்னால் இருப்பதால் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காடு பின் சக்கரங்களின் மேல் விழுகிறது. 1964-இல் உற்பத்தி தொடங்கியபோது நான்கு டயர்களும் ஒரே அளவே. வளைவில் பின்பகுதி வெளியேறும் குணம் அதற்கு இருந்தது. 1969-ஆம் ஆண்டு மாடலில் முன், பின் அச்சுகளின் இடைவெளியை 57 மில்லிமீட்டர் கூட்டினர். 1973-ஆம் ஆண்டின் கரேரா ஆர்எஸ் மாடலில் முன்னே 185/70, பின்னே 215/60 டயர்களைப் பொருத்தினர்.

இவ்வெண்களின் பொருள் என்ன? முதல் எண் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது, பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை விழுக்காடு என்பது. 185-இல் 70 விழுக்காடு 129.5, 215-இல் 60 விழுக்காடு 129. அகலம் 30 மில்லிமீட்டர் கூடியும் உயரம் ஏறக்குறைய மாறவில்லை. எனவே பின் சக்கரத்தின் விட்டமும், அதைப் பொறுத்த கியர் கணக்கும் அப்படியே நிற்கின்றன.

காற்றின் பங்கு

அகலத்தைப் போலவே காற்றழுத்தமும் நழுவு கோணத்தை மாற்றும். 1960-ஆம் ஆண்டு மாடலாக அமெரிக்காவில் வெளிவந்த ஷெவர்லே கார்வேர் காருக்கும் எஞ்சின் பின்னால்தான். டயர்கள் நான்கும் ஒரே அளவு. ஆனால் முன்னே 15 பவுண்டு, பின்னே 26 பவுண்டு அழுத்தம் வைக்க வேண்டும் என்பது தயாரிப்பாளரின் அறிவுரை. நான்கிலும் ஒரே அளவு காற்றை நிரப்பினால் அந்தச் சமநிலை குலையும். ரால்ஃப் நாடர் 1965-இல் வெளியிட்ட நூலில் இக்காரைக் கடுமையாகக் குறைகூறினார். அக்காலத்து ஒத்த கார்களைவிட இது அபாயமானதன்று என்று 1972-இல் அமெரிக்க அரசின் ஆய்வு கூறியது. எனினும், ஓட்டுநரின் பாதுகாப்பை அவர் அறியாத ஓர் எண்ணை நம்பி விடலாமா என்ற கேள்வி இன்றும் சிந்தனைக்குரியது.

நாம் கொள்ள வேண்டியது

பின் டயர் எப்போதும் அகலமாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. முன்பகுதி கனமான ஆடி ஆர்எஸ்3 காரில், 2011-இல், முன் டயர்களையே அகலமாக அமைத்தனர். எந்த முனைக்கு எவ்வளவு பிடிப்பு என்ற விகிதமே முதன்மை. அழகு கருதி ஒரு முனையின் டயரை மட்டும் மாற்றுபவர், பொறியாளர்கள் பல நாள் உழைத்து அமைத்த விகிதத்தை ஒரே நாளில் கலைத்துவிடுகிறார். அகலத்துக்கும் விலை உண்டு: மழைநீர் தேங்கிய சாலையில் அகன்ற டயர் எளிதில் நீர்மேல் மிதக்கும். ஒரே அளவு டயர்கள் உள்ள சாதாரணக் காரில் இரண்டை மட்டும் புதிதாக வாங்கினால், அவற்றைப் பின்னே பொருத்துவதே நன்று என்பதும் இதே விதியின் வழிவந்த அறிவுரைதான்.

தேர்வுக்காகப் படிக்கும் உராய்வுப் பாடம் தேர்வுத்தாளோடு முடிந்துவிடுவதில்லை. மழை நாளில் ஒரு வளைவில் அது நம் உயிரோடு பேசுகிறது.