சங்கரதாஸ் சுவாமிகளின் பாடமுறையும் ஒத்திகையற்ற இசைநாடக மரபும்

முன்னுரை

மேலூர் உள்ளிட்ட மதுரை வட்டார ஊர்களில் கோயில் திருவிழாக்களையொட்டி வள்ளி திருமணம், அரிச்சந்திரா, பவளக்கொடி முதலிய இசைநாடகங்கள் விடிய விடிய நடத்தப்பெறுகின்றன. ‘ஸ்பெஷல் நாடகம்’ எனப்படும் இவ்வகையில் கலைஞர்கள் ஒரே குழுவினர் அல்லர். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியம், மிருதங்கம் எனத் தனித்தனியே ஒப்பந்தம் செய்யப்பெறுகின்றனர். முன்னதாக ஒத்திகை நடைபெறுவதில்லை. ஐரோப்பிய ஓப்பரா குழுக்கள் பல நாள் ஒத்திகைக்குப் பின்னரே அரங்கேறும் நிலையில், இங்கு இஃது எவ்வாறு இயல்கிறது என்னும் வினாவிற்குச் சங்கரதாஸ் சுவாமிகளின் (1867–1922) பாடமுறை விடை தருகிறது.

நடிகர், ஆசிரியர்

தூத்துக்குடிக்கு அருகிலுள்ள காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்த சுவாமிகள், பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் பயின்றார். இரணியன், இராவணன், எமன் முதலிய வேடங்களில் நடித்தார். புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளையின் தொடர்பால் தாள நுட்பங்களில் தேர்ச்சி பெற்றார். பின்னர் வேடமிடுவதை விடுத்து, நாடகம் எழுதுவதிலும் நடிகர்களைப் பயிற்றுவதிலும் ஈடுபட்டார். 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவினார். ஆறு வயதுச் சிறுவனான தி.க. சண்முகமும் அவர்தம் தமையன்மாரும் அச்சபையில் பயின்றவர்கள்.

பாடத்தின் அமைப்பு

சுவாமிகளின் நாடகங்களில் வெண்பா, விருத்தம், சிந்து, கீர்த்தனை ஆகியன உரையாடலோடு பிணைந்துள்ளன. சிறுவர்கள் இவற்றைச் செவிவழிக் கேட்டு, மெட்டும் தாளமும் பிறழாமல் மனனம் செய்தனர். ஒரே பாடத்தைப் பலரும் கற்றமையால் அது நடிகர்களின் பொதுவுடைமை ஆயிற்று. வள்ளி திருமணத்தில் நாரதரும் வள்ளியும் நிகழ்த்தும் தருக்கம் இதற்குத் தக்க சான்று. வினாவிடைகள் நடிகர்தம் திறனுக்கேற்ப விரியலாம். ஆயினும் காட்சி வரிசையும் உரிய பாடல்களும் இருவருக்கும் பொதுவானவை. எனவே முன்பின் சேர்ந்து நடித்திராத இருவர் தடையின்றி நடிக்க இயல்கிறது. மனனமே இங்கு ஒத்திகையின் இடத்தை நிரப்புகிறது. பொதுப்பாடம் உறுதியாக இருப்பதனாலேயே மேடையில் கற்பனைக்கும் இடம் கிடைக்கிறது.

இன்றைய சிக்கல்

சிறுவரை உடன் வைத்துப் பயிற்றிய பாலர் சபைகள் இன்றில்லை. நாடகங்கள் அச்சில் உள்ளன. நிகழ்வுகள் ஒலி, ஒளிப் பதிவுகளாகவும் கிடைக்கின்றன. எனினும், அச்சுநூல் மெட்டைத் தராது. பதிவு ஓர் இரவின் விளைவை மட்டுமே காட்டும். விருத்தத்தை எவ்விடத்தில் நிறுத்துவது, ஆர்மோனியக் கலைஞருக்கு எவ்வாறு குறிப்புணர்த்துவது, எதிர்நடிகரின் வினாவை எப்பாடலில் ஏற்பது என்பன ஆசிரியரிடமிருந்து மாணவருக்கு நேரடியாகச் செல்லும் அறிவு. அவ்வழி அறுபட்டால் நாடகம் நூலாக எஞ்சும். அதனை ஒத்திகையின்றி நிகழ்த்தும் ஆற்றல் எஞ்சாது.

முடிவுரை

இசைநாடக ஆய்வுகள் நாடகப் பனுவலுக்கும் மேடை நிகழ்வுக்கும் அளிக்கும் கவனத்தைப் பயிற்சிக்கும் அளித்தல் வேண்டும். மூத்த கலைஞர்கள் இளையோருக்குப் பாடம் சொல்லும் முறையை, திருத்தங்களோடும் மறுபாடங்களோடும் பதிவு செய்வது உடனடித் தேவையாகும். சுவாமிகளின் ஆசிரியப் பணியை முழுமையாக மதிப்பிடவும் அதுவே வழிவகுக்கும்.